போற வழிதானே!

மயிலாப்பூரில் பிறந்து வெளியூரில் வேலை பார்ப்பவர் அடிக்கடி வீடு திரும்புவதை வருதல், இருத்தல், கிளம்புதல் என்று பிரிக்கலாம். இவற்றில் சுகம் இருப்பது இருத்தலில்தான் என்பார்கள். அது உரிய இடத்தில் விளக்கப்படும்.

வருதல் தொலைபேசியில் தொடங்குகிறது. பெங்களூரில் இருக்கும் மகன் டிக்கெட் எடுத்துவிட்டான் என்ற செய்தி, அவனுக்கே இருக்கை எண் தெரிவதற்குள் வடக்கு மாட வீதியைத் தாண்டி நங்கநல்லூர் வரை போய்விடும். உடனே ஜெயநகரிலிருந்து ஒரு சித்தி கூப்பிடுவார். "ஒண்ணுமில்லைடா, சின்னப் பொட்டலம். போற வழிதானே, அத்தையாத்துல குடுத்துட்டுப் போயிடேன்."

மகன் இருப்பது வொயிட்ஃபீல்டில். அங்கிருந்து ஜெயநகருக்குப் போய்வருவதே ஒரு வெளியூர்ப் பயணம். அத்தை இருப்பது கிண்டிக்கும் அப்பால். ஆனால் குடும்ப வரைபடத்தில் நங்கநல்லூர், சென்ட்ரலுக்கும் லஸ் முனைக்கும் நடுவில் இருக்கிறது. அண்ணா நகரும் அடையாறும் அதை ஒட்டியே இருக்கின்றன. 2022 நவம்பரில் மைசூர்–சென்னை வந்தே பாரத் ஓடத் தொடங்கியபின் பெங்களூரிலிருந்து சென்னைக்குச் சுமார் நாலரை மணி நேரமே ஆகிறது. மிச்சமான நேரம் பயணிக்குச் சேரவில்லை, அத்தைகளுக்குச் சேர்ந்தது.

பொட்டலம் இல்லாத பயணி சென்ட்ரலில் இறங்கி, பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயிலைப் பிடித்து, திருமயிலையில் இறங்கி நடந்துவிடலாம். 1997இலேயே அந்தத் தடம் திருமயிலைக்கு வந்துவிட்டது. பொட்டலம் உள்ளவருக்கு ஆட்டோதான். லஸ் பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காகத் தோண்டிவைத்திருக்கிறார்கள். மாதவரத்திலிருந்து சிப்காட் போகும் தடமும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் தடமும் அங்கே பூமிக்கடியில் சந்திக்கப்போகின்றன. அதுவரை பூமிக்கு மேலே யாரும் யாரையும் சுலபமாகச் சந்திக்க முடியாது.

பொட்டலம் எனப்படுவது பெரும்பாலும் எவர்சில்வர் சம்புடம். உள்ளே நெய்யொழுக ஏதோ இருக்கும். அது கணக்கில் வராது. கணக்கெல்லாம் சம்புடத்துக்குத்தான். அதன் வயிற்றில் ஒரு பாட்டியின் பெயர் வெட்டியிருக்கும். அதைத் திருப்பித் தர வேண்டும், காலியாகத் தரக் கூடாது. ஆகவே முறுக்கோடு போன சம்புடம் வடுமாங்காயோடு திரும்பும். வடுமாங்காயோடு வந்தது சும்மா இருக்குமா? இரண்டு ஊர்களுக்கு நடுவே அது ஓய்வில்லாமல் போய்வருகிறது. தூக்கிக்கொண்டு அலைபவன், நாற்பது வயதானாலும், "குழந்தை".

மூடியில் பெயர் வெட்டுவோர் குறைவு. பல குடும்ப மனஸ்தாபங்களுக்கு இதுவே மூலம்.

சென்ற வாரத்து நிகழ்ச்சி ஒன்று எடுத்துக்காட்டாகும். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். வாட்ச்மேனிடம் கொடுக்கச் சொன்னார். கொடுக்கப்பட்டது. மூடியோடுதான் கொடுக்கப்பட்டது. இரவு போன் வந்தது: "மைசூர்பாகு வந்துடுத்து. நன்னாருந்தது. மூடி எங்கே?"

அத்தை அம்மாவைக் கேட்டார். அம்மா சித்தியைக் கேட்டார். "மூடாமலா குடுத்தனுப்புவேன்?" என்று சித்தி வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தை ஆற்றத் தனியாக இரண்டு போன் செய்ய வேண்டியிருந்தது. ரயிலில் தின்பதற்காகத் திறந்திருப்பான் என்பது அப்பாவின் கருத்து. வாட்ச்மேனைச் சந்தேகிப்பது பாவம் என்பது அத்தையின் கருத்து. பெற்ற பிள்ளையைப்போல் வளர்த்த மருமகனைச் சந்தேகிப்பதில் பாவம் எதுவும் இல்லை போலும். மாற்று மூடி தேடும் படலம் அடுத்து நடந்தது. மயிலாப்பூர்ச் சமையலறை எதிலும் சம்புடமில்லாத மூடிகள் ஓர் அடுக்கு இருக்கும், மூடியில்லாத சம்புடங்கள் ஓர் அடுக்கு இருக்கும். இரண்டும் தப்பித்தவறிக்கூட ஒன்றோடொன்று பொருந்தாது. பரணில் ஏறி, கொலு பொம்மைப் பெட்டிகளை நகர்த்தி, இருந்த மூடிகளையெல்லாம் இறக்கிப் பார்த்தாயிற்று. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று யாருடையது என்றே தெரியவில்லை. அதற்காக வேறொரு வீட்டுக்குப் போன் போயிற்று. கடைசியில் நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கையையும் எழுப்பிக் கேட்டார்கள். அவள் இந்தியாவுக்கு வந்தே வெகுகாலம் ஆகிறது. இருந்தாலும் அவளுக்கும் ஒரு கருத்து இருந்தது.

சுகம் பற்றிய பகுதி மூடி கிடைத்தபின் எழுதப்படும்.

இனி கிளம்புதல். நியூ ஜெர்சிக்குக் கிளம்பும் பெட்டிகளுக்குத் தலா 23 கிலோ வரம்பு. கொப்பரை தானே தீப்பற்றும் பொருள் என்று விமானத்தின் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலைக்கு அமெரிக்காவில் அனுமதியில்லை. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் தங்குமாம். 2018 முதல் அமெரிக்க விமானத்துக் கைப்பையில் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தால் தனிச் சோதனை உண்டு. பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, கச்சேரி சாலை டப்பா செட்டி கடை லேகியப் பொடி எல்லாம் ஒரு கையில் அடங்க வேண்டுமென்றால் எப்படி? பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்ப்பார்கள். "ஊருக்குப் போய் இளைச்சுட்டே" என்று பத்து நாளாகச் சொல்லிவந்த அம்மா அப்போது மட்டும் முள்ளைப் பார்க்க மாட்டார்.

பெங்களூர்க்காரனுக்கு இந்தப் பாதுகாப்பெல்லாம் கிடையாது. ரயில்வே விதிப்படி ஏசி சேர் கார் பயணி 40 கிலோ வரை கட்டணமில்லாமல் எடுத்துப் போகலாம். அதை ஒருவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை என்பதும் மாட வீதிகளில் எல்லோருக்கும் தெரியும்.