மழைக்கு ஒரு மீட்டர்

கேள்வி: மொட்டை மாடியில் பிடித்த மழைநீரில் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தேன், 18 காட்டியது. எங்கள் போர் தண்ணீரோ 1,100! மழைநீரை அப்படியே குடிக்கலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: உப்புக்குப் பயப்படாதீர்கள், காக்கைக்குப் பயப்படுங்கள்!

அந்தப் பேனா மீட்டர் உப்பை எடை போடுவதில்லை. நுனியில் இருக்கும் இரண்டு முனைகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்த்து, அந்தக் கடத்துதிறனை 0.5 அல்லது 0.7 போன்ற ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. கடல் ஆவியாகும்போது உப்பைக் கீழேயே விட்டுவிடுவதால் மழையில் எண் குறைவு. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்தப் பரீட்சையில் உங்கள் மழை முதல் வகுப்பு.

ஆனால் காக்கை எச்சத்தோடு வரும் கிருமி மீட்டரின் கண்ணில் படாது. பூச்சிமருந்தும் பெரும்பாலும் அப்படித்தான்.

அடுத்த மழையில், குழாயில் விழும் முதல் சொம்புத் தண்ணீரை அளந்து பாருங்கள். மாடித் தூசியெல்லாம் கரைந்து எண் ஏறியிருக்கும். கால் மணி நேரம் கழித்து மறுபடி அளந்தால் இறங்கியிருக்கும். இறங்கி நின்ற பிறகு வருவதைப் பிடியுங்கள். வடிகட்டி, கொதிக்க வைத்து, ஆறியபின் குடியுங்கள்.