கொசுறாக வந்தவர்

"பொவெலையும் கூடப் போட்டுடலாம், அண்ணா" என்று ஓர் இளைஞர் சொன்ன தோரணை இன்னும் என் காதைவிட்டு அகலவில்லை. 2025 ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாலஸுக்கு வடக்கே பிளேனோவில் நடந்த ஒரு கிருகப்பிரவேசத்தில், பந்தி கலைந்து பெரியவர்கள் சோபாக்களில் சாய்ந்து கண்ணயரத் தொடங்கிய சமயத்தில், இவர் ஒரு காகிதத் தட்டைக் கவிழ்த்து, அதன் முதுகிலே டாலஸ் மாவெரிக்ஸ் என்றும் மில்வாக்கி பக்ஸ் என்றும் இரண்டு கூடைப்பந்து அணிகளுக்கு இரண்டு வட்டங்கள் போட்டு, அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட் மேடையில் இன்னும் பெயர்கூட வாசிக்கப்படாத கூப்பர் ஃப்ளாக்கை ஓர் அம்புக்குறியால் மில்வாக்கிக்கு அனுப்பி, யானிஸ் ஆன்டெடொகும்போவை எதிர் அம்பினால் டாலஸுக்கு வரவழைத்து, 5 கோடி டாலருக்கு மேற்பட்ட அவருடைய வருஷச் சம்பளத்துக்கு ஈடு காட்டுவதற்காகக் கிளே தாம்சனையும் டேனியல் காஃபோர்டையும் பின்னாலேயே தள்ளிவிட்டார். கையெழுத்துப் போடாத புதிய ஆட்டக்காரனுக்கு டிரேட் என்கிற ஆட்டக்காரர் பரிமாற்றக் கணக்கில் சம்பள மதிப்பு பூஜ்யம் என்ற சட்ட நுணுக்கத்தை எடுத்துக் காட்டியவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பரிகாரமாக அவர் பி.ஜே. வாஷிங்டனைச் சேர்த்ததையும் நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் கணக்கு ஏதோ சொற்பம் இடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு, தட்டின் விளிம்பில், சட்னிக் கறைக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில், பொடி எழுத்தில் டுவைட் பொவெலின் பெயரை எழுதினாரே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

பொவெல் மகா புருஷர் என்று நான் வாதிக்க வரவில்லை. அந்தப் பருவத்தில் பெரும்பாலான இரவுகளில் அவர் பத்து நிமிஷம் ஆடினால் அதிகம். மற்ற நேரமெல்லாம் பெஞ்சின் எதிரே எழுந்து நின்று, பிறர் போடுகிற பந்துக்குத் தாம் கை தட்டினார். ஆனாலும் ஒரு மனிதரைச் சட்னிக் கறைக்குப் பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு வரம்பு உண்டு.

அந்த வேனிலில், ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டாக டாலஸ் அணி யாரைப் பிடிக்க வேண்டும், யாரைப் பிடிக்கும் என்பதைப் பற்றி எனக்குத் திடமான அபிப்பிராயம் ஒன்று இருந்தது என்பதை இங்கே குறித்துவிடுகிறேன். டாலஸின் கைரி இர்விங் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் முழங்கால் தசைநார் அறுந்து உட்கார்ந்துவிட்டபடியால் அந்த ஸ்தானத்துக்கு ஒருவர் அத்தியாவசியமாக இருந்தார் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். அவர் யார் என்பதை இக்கட்டுரையின் முடிவில் சகாரணமாக விளக்குவதாக உத்தேசம். அதற்குமுன் கொசுறைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

நம் அபிமானிகள் ஜூன் மாதத்தில் போடுகிற டிரேட்டுகளை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள், போட்டும் இருப்பீர்கள். கத்தரிக்காய் வாங்கினவன் ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்குக் கை நீட்டுவது உலக வழக்கம். நம்மவர்களோ காய்க்காரியிடம் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை நீட்டிவிட்டு, "கூடையை இறக்கு, அம்மா" என்கிறார்கள். கறிவேப்பிலை வாடியிருக்கிறதே என்று அவள் தயங்கினால், இன்னொரு கொத்து சேர்க்கிறார்கள். அப்படியும் இணங்காவிட்டால், 2031-ஆம் வருஷத்தில் எங்கள் தோட்டத்தில் முளைக்கப்போகிற கறிவேப்பிலையும் உனக்கே என்று தாராளமாகச் சத்தியம் செய்கிறார்கள். அந்த வருஷத்தில் தோட்டம் யார் வசம் இருக்குமோ, அது வேறு சங்கதி. இந்தக் கறிவேப்பிலைக்குத்தான் செகண்ட் ரவுண்ட் பிக், அதாவது டிராஃப்டின் இரண்டாம் சுற்று இடம், என்று பெயர். எதிராளி ஒப்புக்கொள்ளவில்லை என்றால், "ரெண்டு செகண்ட் ரவுண்ட் பிக் போடுங்கண்ணா, விழுந்துடுவான்" என்று சொல்லாத அபிமானியை நான் இதுவரை சந்தித்ததில்லை.

அபிமானிகளாவது அறியாதவர்கள். அணிகளை நடத்துகிற மேதாவிகள் செய்கிற காரியம் இதைவிட விசித்திரமானது. ஓர் ஆட்டக்காரரைச் சும்மா தள்ளிவிட வேண்டும் என்று ஓர் அணி தீர்மானித்துவிட்டாலும், பெற்றுக்கொள்கிற அணி பதிலுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்பது சங்கத்தின் விதி; வெறுங்கையோடு வருகிறவருக்கு வியாபாரம் கிடையாது. இந்த விதிக்கு மரியாதை செய்வதற்காக அவர்கள் கண்டுபிடித்திருக்கிற உபாயம், 55 வரை காப்புடைய இரண்டாம் சுற்று இடம் என்பது. அதாவது, 60 இடங்கள் கொண்ட டிராஃப்டில், எங்கள் இடம் 55-க்குள் விழுந்தால் கொடுக்கமாட்டோம், 56 முதல் 60 வரைக்குள் விழுந்தால் மட்டும் தருவோம் என்று வக்கீல்களை வைத்து எழுதி, முத்திரை போட்டு, பத்திரிகைகளுக்கும் அறிவிக்கிறார்கள். அறிவிப்பில் அது "வருங்கால இரண்டாம் சுற்று இடம்" என்று கம்பீரமாகவே தொனிக்கிறது. கொத்தில் ஐந்து இலைக்குக் குறைவாக இருந்தால்தான் கறிவேப்பிலை உனக்கு என்று எந்தக் காய்க்காரியும் இதுவரை நிபந்தனை விதித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதற்கும் மேலான கொசுறு ஒன்று உண்டு. என்றைக்கோ டிராஃப்ட் செய்யப்பட்டு, அமெரிக்கக் கரையை ஒருநாளும் மிதிக்காமல், ஐரோப்பாவில் ஏதோ ஒரு நகரத்தில் ஆடி, முழங்கால் தேய்ந்து, ஓய்வு பெறுகிற பருவத்துக்கு வந்துவிட்ட ஒரு கனவானின் "உரிமை" இருக்கிறதே, அதை இந்த அணி அந்த அணிக்கும், அந்த அணி அதற்கடுத்த அணிக்கும் கைமாற்றிக்கொண்டே இருக்கின்றன. அவர் வரப்போவதில்லை என்பது கொடுக்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும்; அவருக்கே நிச்சயமாகத் தெரியும். தம்முடைய பெயர் இவ்வாண்டு எந்த ஊர்க் கஜானாவில் இருக்கிறது என்பதை அவர் காலைக் காப்பியோடு பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்வாரோ, என்னவோ.

இத்தனை அலட்சியத்துக்கும் இந்தக் கொசுறுகள் பதில் சொல்லாமல் இல்லை. நிக்கோலா யோக்கிச் 2014-இல் 41-ஆம் இடத்தில் டென்வருக்கு வந்தார். அவர் பெயர் அறிவிக்கப்பட்ட தருணத்தில் தொலைக்காட்சியில் ஒரு மெக்ஸிகப் பலகாரக் கடையின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பிற்பாடு அவர் மூன்று தடவை மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டத்தை வாங்கி, 2023-இல் டென்வருக்குச் சாம்பியன்ஷிப்பும் வாங்கிக் கொடுத்தார். மனு ஜினோபிலி 1999-இல் 57-ஆம் இடத்தில் வந்து, சான் அன்டோனியோவில் நான்கு சாம்பியன்ஷிப் கண்டார். அந்த 55 வரைக் காப்பு விதியைச் சான் அன்டோனியோவின் இடத்தில் அன்றைக்கு யாரேனும் எழுதியிருந்தால், 55-ஐத் தாண்டிய அந்த 57 யாருக்குப் போயிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் சிகாகோ அணி 2017-இல் தன் இரண்டாம் சுற்று இடத்தை 35 லட்சம் டாலர் ரொக்கத்துக்குக் கோல்டன் ஸ்டேட்டிடம் விற்றே விட்டது.

பொவெலுக்கு வருகிறேன். 2014 டிசம்பரில் பாஸ்டனிலிருந்து ரஜான் ராண்டோவை வாங்குவதற்காக டாலஸ் மூன்று ஆட்டக்காரர்களையும் டிராஃப்ட் இடங்களையும் கொட்டிக் கொடுத்தபோது, ஊர் முழுவதும் ராண்டோ, ராண்டோ என்றே பேச்சு. கூடவே கொசுறாக வந்த பையன் பொவெல். அவ்வாண்டு 45-ஆம் இடத்தில் எடுக்கப்பட்டு, டாலஸுக்கு வந்து சேருவதற்குள் சார்லட், கிளீவ்லாண்ட், பாஸ்டன் என்று மூன்று அணிகளின் கைமாறியவன். ராண்டோ அடுத்த பிளேஆஃப் தொடரின் நடுவிலேயே காணாமற்போய், அந்தக் கோடையிலேயே வேறு அணிக்குப் போய்விட்டார். பொவெல் இருந்தார். டாலஸின் நட்சத்திரம் நொவிட்ஸ்கி 21 பருவங்கள் ஆடி விடைபெற்றபோது பொவெல் இருந்தார். 2020 ஜனவரியில் குதிகால் தசைநார் அறுந்தது. அடுத்த பருவத்தில் மறுபடியும் வந்து இருந்தார். டோன்சிச் வந்தார், போனார், பொவெல் இருந்தார். எந்த ஜூன் மாதத்து டிரேட்டிலும் அவருடைய பெயர் ஓரத்தில் எழுதப்படாமல் இருந்ததில்லை. எந்த அக்டோபரிலும் அவர் பெஞ்சில் இல்லாமல் இருந்ததும் இல்லை.

இதையெல்லாம் அந்த இளைஞரிடம் எடுத்துச் சொன்னபோது, அவர் சாவதானமாக, "மில்வாக்கிக்காரன் ஏற்கெனவே ஒருதரம் நம்மகிட்ட ஏமாந்தவன்தானே, அண்ணா?" என்றார். அது வாஸ்தவம். 1998-இல் 9-ஆம் இடத்தில் தாங்களே எடுத்த நொவிட்ஸ்கியை, ராபர்ட் டிரெய்லர் வேண்டும் என்பதற்காக டாலஸுக்குத் தாரைவார்த்தவர்கள் அவர்கள். ஆனால் 27 வருஷமாக ஒருவர் ஏமாந்த நிலையிலேயே உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்ப்பது எந்த சாஸ்திரத்தில் சேர்ந்ததோ தெரியவில்லை.

ஆரூடம் பலிக்கிற லட்சணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 பிப்ரவரி 1-ஆம் தேதி, நள்ளிரவை ஒட்டி, 25 வயதான லூக்கா டோன்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து அந்தோணி டேவிஸை டாலஸ் வாங்கிக்கொண்டது என்ற செய்தி வந்தபோது, அதை வெளியிட்ட நிருபரின் கணக்கை எவனோ திருடிவிட்டான் என்றுதான் பெரும்பாலோர் எண்ணினார்கள். உலகத்தில் எந்தக் காகிதத் தட்டிலும் எந்த அபிமானியும் வரைந்திராத அம்புக்குறி அது. பிறகு மே மாதத்தில், டிராஃப்டில் முதலில் எடுக்கிற அணி எது என்று தீர்மானிக்கிற லாட்டரி நடந்தது. 14 பந்துகளில் நான்கை எடுத்தால் கிடைக்கிற 1001 சேர்க்கைகளில் ஒன்றைத் தள்ளி, மிச்சம் ஆயிரத்தை அணிகளுக்குப் பங்கிட்டதில், டாலஸின் பங்கு 18. அந்தப் பதினெட்டில் ஒன்று விழுந்து முதல் இடம் டாலஸுக்கு வந்தது. பருவம் முழுவதும் பாடுபட்டுத் தோற்று, 17 ஆட்டங்களை மட்டுமே ஜயித்து, எல்லோருக்கும் கடைசியாக நின்ற யூட்டாவுக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். இவ்விரண்டையும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்களை அந்தக் கிருகப்பிரவேசத்திலேயே நான் நாலு பேர் பார்த்தேன். அவர்களில் ஒருவரும் அந்த ரகசியத்தை ஜனவரி மாதத்தில் என்னிடம் சொல்லவில்லை.

இனிப் பாயிண்ட் கார்டு விஷயம். டாலஸுக்கு அப்போது வேண்டியிருந்தவர் ஆகாயத்தைத் தொடுகிற ஆசாமியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆறடி இரண்டு அங்குலம் போதும். இடது கைப் பழக்கமுள்ளவராக இருந்தால் எதிரிகளுக்குச் சிரமம். கடைசிக் கால்பகுதியில் பந்தைக் கையில் கொடுத்தால் பதறாதவராக இருக்க வேண்டும். நட்சத்திரம் காயப்பட்டு உட்கார்ந்திருக்கிற இரவில், பிளேஆஃபிலே, தனியொருவராக 41 புள்ளி எடுக்கிற திராணியும் இருந்தால் விசேஷம். அப்படிப்பட்ட ஒருவர் நம்மிடமே இருந்தார். டோன்சிச் வந்த அதே 2018 டிராஃப்டில், இரண்டாம் சுற்றில், 33-ஆம் இடத்தில், ஜேலன் பிரன்சன் என்ற பெயரில் வந்தார். 2022-இல் யூட்டாவுக்கு எதிராக அந்த 41 புள்ளியும் எடுத்தார். அந்தக் கோடையிலேயே 4 வருஷத்துக்கு 10 கோடியே 40 லட்சம் டாலர் என்று பேசி நியூயார்க் அவரை அழைத்துக்கொண்டு போயிற்று. அவருக்குப் பதிலாக நமக்கு ஒன்றும் வரவில்லை. 55 வரை காப்புடைய இரண்டாம் சுற்று இடம்கூட வரவில்லை. ஐரோப்பாவில் முழங்கால் தேய்ந்த அந்தக் கனவானின் உரிமைகூட வரவில்லை. 2025 மே மாதத்தில் அவரை வைத்துக்கொண்டு நியூயார்க் கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது, நாம் பந்து குலுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பாயிண்ட் கார்டு வேண்டுமாம். அதற்கு நான் யோசனை சொல்ல வேண்டுமாம். நியூயார்க்கில் போய்க் கேளுங்கள்.