பட்டிருப்பின் தீர்ப்பு

கேள்வி: எங்கள் பட்டிருப்புத் தொகுதியில் சி. மூ. இராசமாணிக்கத்துக்கு அப்படி என்ன செல்வாக்கு? இன்றும் பெரியவர்கள் அவர் பெயரைச் சொல்கிறார்களே!
- வாசகர், செட்டிபாளையம்

பதில்: செல்வாக்கு இருந்தது. ஆனால் உங்கள் பெரியவர்கள் அதை அவருக்கு இனாமாகக் கொடுக்கவில்லை, தவணை முறையில்தான் கொடுத்தார்கள். 1947இல் எதிர்மன்னசிங்கம், 1952இல் இராசமாணிக்கம், 1956இல் மறுபடி எதிர்மன்னசிங்கம். எழுவான்கரையும் படுவான்கரையும் சேர்ந்து ஆளுக்கொரு முறை ஊஞ்சல் ஆட்டின!

1960இல் நாட்டில் இரண்டு பொதுத்தேர்தல்கள். மார்ச்சிலும் ஜூலையிலும் இராசமாணிக்கம் தமிழரசுக் கட்சி வேட்பாளராக வென்றார், 1965இலும் வென்றார். யாழ்ப்பாணத்துக் கட்சி என்று சிலர் முணுமுணுத்த தமிழரசுக் கட்சிக்கே தலைவராகவும் இருந்தார். கட்சித் தலைவராக இருந்தவராயிற்றே என்று பட்டிருப்பு தயங்கியதா? இல்லை. 1970இல் ஐக்கிய தேசியக் கட்சியின் தம்பிராசாவைத் தெரிவுசெய்து அவரை வீட்டுக்கு அனுப்பியது. 1974இல் காலமானார்.

அவருடைய பேரன் சாணக்கியன் 2015இல் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பில் நின்றார், வெல்லவில்லை. தாத்தாவின் கட்சிக்கு வந்தபின் 2020இல் நாடாளுமன்றம் போனார். தாத்தா பெயர் மட்டும் போதாது, தாத்தாவின் வீட்டுச் சின்னமும் வேண்டும் போலிருக்கிறது!

அன்று ஒரு தொகுதிக்கு ஒரு எம்.பி., பிடிக்காவிட்டால் மாற்றலாம். 1989 முதல் விகிதாசார முறை. மட்டக்களப்பு மாவட்டத்துக்கு ஐந்து பேர். வீதி பழுதென்றால் ஐவரில் யாரைக் கேட்பது? ஐவரையும் கேளுங்கள். உங்கள் பெரியவர்கள் தலைவரையே கேட்டவர்கள்.