மேம்பாலம் உள்ள ஊரில் சதுர அடி

சென்னை வேளச்சேரியில் சதுர அடிக்கு ஒரு விலை. ஒட்டியிருக்கும் மடிப்பாக்கத்தில் அதைவிடக் குறைவு. கேட்டால், "அங்கே மழைத்தண்ணீர் நிற்கும் சார்" என்பார் புரோக்கர். வேளச்சேரியில் மட்டும் என்ன நடக்கிறதாம்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் அங்கும் படகுதான் ஓடியது. இப்போதெல்லாம் கனமழை எச்சரிக்கை வந்தாலே போதும், அப்பகுதிக் கார்கள் மேம்பாலத்தில் ஏறி வரிசையாக நின்றுவிடுகின்றன. ஆக, கூடுதல் விலை உலர்ந்த தரைக்கல்ல, காருக்குக் கிடைக்கும் மேட்டுக்கு.

பறக்கும் ரயிலும் மாலும் இருக்கின்றனவே என்பார்கள். நியாயம்தான். ஆனால் வேளச்சேரியின் வடகோடியில் இருப்பவருக்கும் ஸ்டேஷனுக்கு ஆட்டோதான். அவர் ஃபிளாட் விலையில் ஒரு ரூபாய் குறைந்ததா? பாதாளச் சாக்கடை, மெட்ரோ குடிநீர் என்று வாதாடினால் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். மடிப்பாக்கம் 2011இல்தான் மாநகராட்சிக்குள் வந்தது. வசதிகள் பின்னால், மெதுவாக வந்தன, சாலையைத் தோண்டிக்கொண்டே.

இன்னும் தெற்கே, ஒருகாலத்துச் சதுப்பு நிலமான பள்ளிக்கரணையில், வீடு விற்பவர்களின் நோட்டீஸைப் பாருங்கள்: "வேளச்சேரிக்கு மிக அருகில்." மிச்சமிருக்கும் சதுப்புக்கு 2022இல் சர்வதேச ராம்சார் அங்கீகாரமே கிடைத்தது. அதை மட்டும் எந்த நோட்டீஸும் சொல்வதில்லை. "ஏரி வியூ" என்று வேண்டுமானால் போடுவார்கள்.