சேறு இழுக்கும்

எண்பதுகளில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எங்கள் வீட்டில் கழுவெளி என்றுதான் சொல்வோம். ஆயா கோரை அறுக்கப் போனால் நானும் பின்னாலேயே போவேன். "ஒரே எடத்துல நிக்காதடி, சேறு இழுக்கும். கால மாத்தி மாத்தி வை" என்பாள். நெற்றியில் வெள்ளையோடு கறுப்பாக நீந்துவது நாமக்கோழி, புல்லுக்குள் நீலமாக நடப்பது தாழைக்கோழி. புத்தகம் இல்லாமல் படித்த பாடம் இது. சேற்றுக்காலோடு வகுப்புக்குள் நுழைந்த அன்று என்னை முட்டி போட வைத்தார்கள். அந்த வலியைவிட, கழுவெளியை அவர்கள் அழுக்கு என்று சொன்னதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

இப்போது அந்தப் பக்கத்திலேயே நான் அறிவியல் டீச்சர். பிப்ரவரி 2, உலக ஈரநில நாளுக்காக இரண்டு தட்டுகளைச் சாய்த்து வைத்தோம். ஒன்றின் குறுக்கே ஸ்பாஞ்சு, மற்றது வெறுமை. இரண்டின் அடியிலும் தீப்பெட்டி வீடுகள். செம்மண் கலந்த தண்ணீரை ஊற்றினால் வெறும் தட்டில் வீடுகள் மிதக்கின்றன. ஸ்பாஞ்சு வைத்த தட்டில் தண்ணீர் தங்கி, கொஞ்சம் தெளிந்து, மெல்லக் கசிகிறது. சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் கழுவெளியில் தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளத்தில் கடலுக்கும் போவதை நான் எத்தனை முறை சொன்னாலும் இப்படிப் பதியாது.

அடுத்து கம்ப்யூட்டர். பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாகப் பின்னால் தள்ளிப் பார்த்தோம். "எங்க அபார்ட்மென்ட் எங்க மிஸ்?" என்றான் ஒருவன். பச்சையும் கறுப்புமாக இருந்த ஈரத்தைத் தொட்டுக் காட்டினேன். அவன் திரும்பத் திரும்ப அந்த ஆண்டுக்கே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஆயா நடந்த வரப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

2022இல் இங்கே 1,247 ஹெக்டேர், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அன்று நான் அழுதேன். நேரில் காட்டவும் பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: காலில் சேறு படக்கூடாது. நடைபாதைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றே நாமக்கோழிகளை எண்ணினார்கள். திரும்பும்போது ஒரு பெண் கேட்டாள், "சேறு எப்படி மிஸ் இருக்கும்?"

கழுவெளி காப்புக்காடு என்பதால் அங்கிருந்து மண் எடுக்கக் கூடாது. எனவே மறுவாரம் எங்கள் தெருக் குளத்துச் சேற்றை ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிறையக் கொண்டுபோனேன், பெற்றோரிடம் மறுபடி சம்மதம் வாங்கிக்கொண்டு. செருப்பைக் கழற்றி முதலில் இறங்கியது அவள்தான். கணுக்கால்வரை அமிழ்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், இழுக்குது!"

"கால மாத்தி மாத்தி வை" என்றேன்.