நூறு பேர், அறுபது நாற்காலி

கேள்வி: வாரம் மூன்று நாள் ஆபீஸ் வரச் சொல்கிறது சென்னைக் கம்பெனி. புதன்கிழமை போனால் உட்கார இடமில்லை. வெள்ளிக்கிழமை போனால் ஆளில்லை. இது என்ன கணக்கு?
- வாசகர், சேரன்மகாதேவி

பதில்: சராசரிக் கணக்கு! நூறு பேர் ஆளுக்கு மூன்று நாள் வந்தால், ஐந்து நாளுக்கும் பரவி தினம் அறுபது பேர். ஆக, அறுபது நாற்காலி. காகிதத்தில் ஒரு குறையுமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர் செவ்வாய்க்குத்தானே ஆபீஸில் தலைகாட்டுவார்? செவ்வாய், புதன், வியாழனில் நூறு பேரும் ஆஜர்!

கன்னடியன் கால்வாய்ப் பாசனக்காரர் யாரையாவது கேளுங்கள், முறை வைத்துத் தண்ணீர் விடச் சொல்வார். ஆபீஸிலும் அப்படியே குழுவுக்குக் கிழமை பிரிக்க வேண்டும். ஒரு குழு மொத்தமும் ஒரே நாட்களில் வர வேண்டும். இல்லாவிட்டால், சென்னை வரை போய் உட்கார்ந்து, வீட்டிலிருக்கும் சகாவிடம் வீடியோவில் பேசிவிட்டுத் திரும்புவீர்கள்.

பெரிய கம்பெனிகளுக்கும் ஆபீஸ் கணக்கு உதைத்திருக்கிறது. 2025க்குள் 25 சதவீதம் பேர் ஆபீஸ் வந்தால் போதும் என்று 2020இல் அறிவித்த டிசிஎஸ், 2023இலேயே ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டது. உங்களுக்கு மூன்று நாள்தான். அதை வாய்விட்டுச் சொல்லாதீர்கள், மேனேஜர் காதில் விழுந்துவிடும்.

சென்னை அலைச்சலே வேண்டாம் என்றால், தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனி இருக்கிறது. உங்கள் ஊர் ஸ்டேஷனில் செங்கோட்டை ரயில் நிற்கும். ரயிலில் நாற்காலி கிடைக்குமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.