மாரியோ ரசிகன் மெய்ப்பாட்டியல்: கட்டைவிரலை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரே ஆள், ஒரே இருக்கை, 92 நிமிடம். அதற்குள் சிரிக்கிறான், முறைக்கிறான், கண் கலங்குகிறான், வெளியே வந்ததும் "பரவாயில்லை" என்கிறான். 2023 ஏப்ரலில் வெளியான ‘தி சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மூவி’யைப் பார்த்த பழைய விளையாட்டு ரசிகனின் இந்நிலையை ஆராய்வதே கட்டுரையின் நோக்கம். படம் நன்றா தீதா என்பது ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது. 136 கோடி டாலர் அளவுக்கு வசூலித்த ஒன்றை அப்படிக் கேட்பது நாகரிகமும் அன்று.

ஆய்வுக் கருவியாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கொள்ளப்பட்டது. என்னை? ஹாலிவுட் விமர்சகர்களிடம் இருப்பவை ஐந்து நட்சத்திரங்கள். தொல்காப்பியரிடமோ எட்டு மெய்ப்பாடு, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன். முப்பத்திரண்டு அறை கைவசம் இருக்க, அஞ்சறைப் பெட்டியை ஏன் தூக்க வேண்டும்?

முதலில் அச்சம். இது டிக்கெட் எடுக்கும்போதே தோன்றிவிடும். 1993இல் பாப் ஹாஸ்கின்ஸை மாரியோவாக்கி எடுத்த படமே காரணம். அச்சத்தின் நிலைக்களன்களில் அணங்கு, விலங்கு ஆகியவற்றுள் அப்படம் எதில் அடங்கும் எனின், அதில் டைனோசர்களும் வருவதால் இரண்டிலும் அடங்கும் என்க.

அடுத்தது வெகுளி. இதற்குத் தொல்காப்பியர் சொல்லும் முதற்காரணம் உறுப்பறை, அதாவது உறுப்பை அறுத்தல். மாரியோவுக்குக் குரலும் ஓர் உறுப்பு. தொண்ணூறுகளிலிருந்து விளையாட்டுகளில் அவன் துள்ளும்போதெல்லாம் கூவியவர் சார்லஸ் மார்ட்டினே. அந்தக் குரலை எடுத்துவிட்டுக் கிறிஸ் பிராட்டின் குரலைப் பொருத்தினார்கள். 2021இல் நடிகர் பட்டியல் வெளியான அன்றே ரசிகன் கொதித்துவிட்டான்; படத்தைப் பார்க்க அவன் காத்திருக்கவில்லை. படத்தில் நடந்தது வேறு. ப்ரூக்ளினில் குழாய் பழுதுபார்க்கும் தொழில் தொடங்கிய சகோதரர்கள் தங்கள் விளம்பரத்தில் மட்டும் பழைய இத்தாலியக் கொச்சையில் பேசுகிறார்கள். கொஞ்சம் ஓவரோ என்று மாரியோவே சந்தேகப்பட, பிட்சா கடையில் விளையாடிக்கொண்டிருக்கும் ஒருவர் அருமை என்று சான்றிதழ் தருகிறார். அவருக்குக் குரல் கொடுத்தவர் மார்ட்டினே. மாரியோவின் அப்பாவுக்கும் அவரே. வெட்டிய உறுப்பை இப்படி விருந்தாளியாக அழைத்து உட்காரவைத்தால் வெகுள்வதா, நகைப்பதா? இதற்கு நூற்பா இல்லை.

பெருமிதத்துக்குக் கல்வி ஒரு நிலைக்களன். சகோதரர்களின் பழைய முதலாளி ஸ்பைக், 1985இன் ‘ரெக்கிங் க்ரூ’ விளையாட்டிலிருந்து வந்தவன் என்பதையும், பிரையன் டைலரின் இசைக்குள் பழைய விளையாட்டுக்கு இசையமைத்த கோஜி கோண்டோவின் மெட்டு எங்கே தலைகாட்டுகிறது என்பதையும் ரசிகன் அறிவான். பக்கத்து இருக்கைச் சிறுவன் அறியமாட்டான் என்பதால் பெருமிதம் இரட்டிக்கும். வில்லன் பௌசர் பியானோ முன் அமர்ந்து ‘பீச்சஸ்’ பாடும்போது அதே சிறுவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அந்த வரிசையிலேயே வயதில் மூத்தவன் தான்தான் என்பது ரசிகனுக்கு அப்போது உறைக்கும். மூப்பால் வரும் இளிவரல் இது.

இந்த முப்பத்திரண்டிலும் அடங்காத ஒன்று எஞ்சுகிறது. அது இருக்கும் இடம் கட்டைவிரல்.

ப்ரூக்ளினில் வேலைக்குக் கிளம்பிய சகோதரர்கள் கட்டுமான இடமொன்றின் வழியே ஓடுகிறார்கள். கேமரா பக்கவாட்டில் நகர்கிறது. 1985இன் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் முதற்கட்டம் கண்முன் விரிகிறது. மாரியோ தாவுகிறான். ரசிகனின் வலது கட்டைவிரல் பாப்கார்ன் டப்பாவின் விளிம்பை அழுத்துகிறது, அரை நொடி தாமதமாக. மாரியோ அதற்காகக் காத்திருக்கவில்லை.

அந்தப் பழைய விளையாட்டு மொத்தமும் 40 கிலோபைட். மேகமும் புதரும் ஒரே படம், நிறம்தான் வேறு. மாரியோவுக்கு மீசை முளைத்ததே, அவன் முதன்முதலில் தோன்றிய 1981இல் வாய் வரையப் போதிய புள்ளிகள் இல்லாததால்தான். இன்று திரையில் அந்த மீசை இழையிழையாகத் தெரிகிறது, மேலாடையில் துணியின் நெசவு தெரிகிறது. மருட்கைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் புள்ளிக்கூட்டத்துக்குக் குணம் கொடுத்தது விரல். பள்ளத்தின் விளிம்பில் மாரியோ தயங்கினான் என்றால், தயங்கியது ஆடுகிற பிள்ளை. படத்தில் அவனுக்கென்று சொந்தமாக ஒரு மனக்குறையை எழுதித் தந்திருக்கிறார்கள்: அப்பா மெச்சாத மகன். மாரியோவைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோவே தயாரிப்பாளர்களில் ஒருவராக உடனிருந்து பார்த்துக்கொண்டார். ஆட்டிவைத்தவனுக்குத்தான் அழைப்பில்லை. இளவரசி பீச்சின் பயிற்சிக் களத்தில் மாரியோ விழுந்து, எழுந்து, மறுபடி விழும்போது மட்டும் விரல் சற்று அடங்குகிறது. அந்த விழுகை அதற்குப் பழக்கம்.

அற்றேல், விரலுக்குப் பரிகாரம் யாதோ எனின், வீடு திரும்பிப் பழைய விளையாட்டை எடுத்து முதற்கட்டத்திலிருந்து தொடங்குக. கேசட்டை ஊதிச் செருகினாலும் சரி, புதிய கருவியில் இறக்கினாலும் சரி. முதலில் எதிர்ப்படும் பகைவனான கூம்பாவிடமே உயிர் போனால் கிறிஸ் பிராட்டைத் திட்டக் கூடாது.